கருவி நம் கையில் இருக்கு. வாய்க்கால் யார் கையில்?



‘நவீனத் தொழில்நுட்பத்துக்கு மாறுங்கள்’ என்று நமக்குப் பாடம் எடுக்காத மேடை இன்று கிடையாது. ட்ரோன் வருது, செல்போன் செயலி வருது, செயற்கைக்கோள் வருது என்கிறார்கள். வரட்டும். வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் குரும்பகரத்தில் மூணு மா, ஆறு மா வைத்துப் பாடுபடுகிற நாம் எந்தப் பொருளைப் பார்த்தாலும் மூன்று கேள்வி கேட்டாக வேண்டும். நம்ம காசுக்குக் கட்டுமா? கெட்டுப்போனால் நம்ம பக்கத்துப் பட்டறையிலேயே சரிபண்ண முடியுமா? பக்கத்து வயல்காரருக்கு இரவல் கொடுக்க முடியுமா? மூன்றுக்கும் ‘ஆமாம்’ என்று பதில் வந்தால் அது நம்ம தொழில்நுட்பம். இல்லையென்றால் அது விற்கிறவன் தொழில்நுட்பம்.

அப்படி மூன்று கேள்விக்கும் தேறுகிற பொருட்கள் நிறையவே இருக்கின்றன. ஒரு கோழி முட்டை, ஒரு பிளாஸ்டிக் அட்டை, ஒரு முழம் பி.வி.சி. பைப், ஒரு கைப்பிடி உப்பு. இவற்றை வைத்துச் செலவைக் குறைக்கலாம், விளைச்சலைக் காப்பாற்றலாம், விலையில் ஏமாறாமல் இருக்கலாம். ஆனால் இவை எல்லாமே வேலையில் பாதியைத்தான் செய்யும். தண்ணீர் வர வேண்டிய நாளில் வருவதும், வடிய வேண்டிய நாளில் வடிவதும் மறுபாதி. அது எந்தக் கருவிக்குள்ளும் இல்லை. அந்த மறுபாதியை யார் செய்வது? இதைக் கேட்கத்தான் இந்தப் பிரசுரம்.

விதைக்கு முட்டை, உரத்துக்கு அட்டை

முதலில் விதை. பத்து லிட்டர் தண்ணீரில் ஒரு நல்ல கோழி முட்டையைப் போடுங்கள். அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். சமையல் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்குங்கள். முட்டை மேலே வந்து, அதன் தலை பழைய நாலணா அளவுக்கு வெளியே தெரிகிறபோது நிறுத்துங்கள். இப்போது விதைநெல்லைக் கொட்டினால் பதரும் அரைவயிறு நெல்லும் மிதக்கும். அரித்து எடுத்துவிட்டு, அடியில் தங்கிய கனமான நெல்லை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி ஊற வையுங்கள். முளைப்பு ஒரே சீராக இருக்கும், நாற்று தடிப்பாக வரும். இதற்கு மானியமும் வேண்டாம், கையெழுத்தும் வேண்டாம்.

அடுத்தது யூரியா. பயிர் கொஞ்சம் வெளுத்த மாதிரி தெரிந்தால் பயந்து ஒரு மூட்டை போடுகிறோம். கரும்பச்சையாக நின்றால் பக்கத்து வயல்காரர் நம்மைப் பாராட்டுகிறார். அந்தக் கரும்பச்சைக்குத்தான் இலைச்சுருட்டுப் புழுவும் புகையானும் தேடி வருகின்றன. அப்புறம் மருந்துக் கடைக்கு ஓடுகிறோம். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் பரப்பிய இலை வண்ண அட்டை இந்த ஓட்டத்தை நிறுத்துகிறது. பச்சை நிறம் படிப்படியாகக் கூடுகிற மாதிரி பட்டைகள் கொண்ட ஒரு சின்ன அட்டைதான் அது. நட்ட 14-ஆம் நாளிலிருந்து பூக்கும் வரை வாரம் ஒரு தடவை, காலை வேளையில், வெயில் படாமல் நம் நிழலில் வைத்து, மேலே முழுசாக விரிந்த இலையை அட்டையோடு ஒப்பிட வேண்டும். பத்து இலை பாருங்கள். வெள்ளைப் பொன்னி என்றால் 3-ஆம் பட்டை, மற்ற ரகங்களுக்கு 4-ஆம் பட்டை. ஆறு இலையோ அதற்கு மேலோ அந்தப் பட்டையை விட வெளுத்திருந்தால் உரம் போடுங்கள். இல்லையென்றால் மூட்டையைத் தொடாதீர்கள். எழுத்துப் படிக்கத் தெரியாதவர்களும் இதைச் செய்யலாம். நம் வீட்டுப் பெண்கள் நம்மை விட நன்றாகவே பார்த்துச் சொல்வார்கள்.

களைக்கருவி ஏன் துருப்பிடித்தது?

செம்மை நெல் சாகுபடி நமக்குப் புதுசில்லை. மடகாஸ்கர் தீவில் விவசாயிகளோடு பல வருஷம் வேலை செய்த ஆன்றி தெ லொலானியே என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1983 வாக்கில் கண்டறிந்த முறை அது. நம்ம பக்கத்தில் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் அதை எடுத்துச் சோதித்தது. 2003-04-ல் தாமிரபரணி, காவிரிப் பாசனப் பகுதிகளில் விவசாயிகளின் வயல்களிலேயே போட்டுப் பார்த்தார்கள். இருபது முப்பது கிலோ விதைக்கிற ஏக்கருக்கு மூன்று கிலோ போதும். 14 நாள் நாற்று, ஒரு குத்துக்கு ஒரே நாற்று, 25 சென்டிமீட்டர் சதுரத்துக்கு ஒன்று. தண்ணீரைக் கட்டி நிறுத்தாமல் காயவிட்டுப் பாய்ச்சி, கோனோ வீடரைக் குறுக்கும் நெடுக்குமாகத் தள்ளினால் களை மண்ணுக்குள் மடங்கி உரமாகும், வேர் மூச்சு விடும், தூர் வெடிக்கும்.

இது உண்மைதான். ஆனால் டெல்டாவில் பல ஊர்களில் மானியத்தில் வந்த வீடர் வைக்கோல் போர் ஓரத்தில் துருப்பிடித்துக் கிடக்கிறது. ஏன்? ‘விவசாயிக்கு ஆர்வம் இல்லை’ என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். நாம் பார்த்த காரணங்கள் வேறு.

ஒன்று, வயல் வடியாமல் வீடர் ஓடாது. முழங்கால் தண்ணீரில் எந்தக் கருவியைத் தள்ளுவது? ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தேங்கிக் கிடக்கிற கடைமடை வயலில் 14 நாள் ஒற்றை நாற்று மூழ்கித்தான் போகும். இரண்டு, நம்ம களிமண்ணுக்கு அது கனம். களை எடுப்பது காலங்காலமாகப் பெண்கள் வேலை. அவர்கள் நாள் முழுக்கத் தள்ளுகிற எடையில் கருவி செய்ய வேண்டும் என்று யாரும் யோசிக்கவில்லை. மூன்று, பல்லு ஒடிந்தால் மாற்றுவதற்குச் சாமான் இல்லை. டெண்டர் எடுத்தவர் பில் வாங்கியதோடு சரி.

நேரடி விதைப்புக்கும் இதே கதைதான். முளைகட்டிய விதையை வரிசையாக விதைக்கிற டிரம் சீடரை ஒரே ஆள் இழுத்துவிடலாம். நாற்றங்கால் செலவு, நடவுக் கூலி மிச்சம். வரிசை இருப்பதால் பிறகு வீடரும் ஓட்டலாம். ஆனால் விதைத்த மறுநாள் பெய்கிற மழைத் தண்ணீர் வடிய வழியில்லை என்றால் அவ்வளவு விதையும் ஒரு மூலையில் போய் ஒதுங்கும். இங்கே தவறு டிரம்மிலா, வடிகாலிலா?

ஒரு முழம் பைப்பும் ஒரு தீவும்

வயலில் எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும் என்று நாம் பழகிவிட்டோம். நெல்லுக்கு அது தேவையில்லை. 30 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு பி.வி.சி. பைப்பை அறுத்து, கீழ்ப்பாதியில் சுற்றிலும் ஓட்டை போட்டு, அந்தப் பாதியை வயலில் புதையுங்கள். உள்ளே இருக்கிற மண்ணை அள்ளிப் போட்டுவிட்டால் மண்ணுக்குள் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். மேல்மட்டத்திலிருந்து 15 சென்டிமீட்டர் கீழே இறங்கும் வரை பயிர் வாடாது. இறங்கியதும் ஐந்து சென்டிமீட்டருக்குப் பாய்ச்சினால் போதும். நட்ட முதல் இரண்டு வாரமும், பூக்கிற சமயத்திலும் மட்டும் தண்ணீரைக் குறைக்காதீர்கள். நூற்றுக்கு முப்பது பங்கு வரை தண்ணீர் மிச்சமாகும் என்பது ஆராய்ச்சிக்காரர்கள் கணக்கு. ஒரு எச்சரிக்கை: உப்பு ஏறிய நிலத்தில் இதைச் செய்யாதீர்கள். காயக் காய உப்பு மேலே வந்து பயிரைக் கருக்கும்.

பிலிப்பைன்ஸ் நாட்டில் போஹோல் என்று ஒரு தீவு இருக்கிறது. அங்கேயும் நம்மைப் போலவே கதை. தலைமடைக்காரர் வயலில் தண்ணீர் தளும்பும், கடைமடைக்காரர் வானத்தைப் பார்ப்பார். அந்நாட்டின் பாசனத் துறை அங்கே ஒரு புது அணை கட்டியது. அதோடு நிற்காமல், காயவிட்டுப் பாய்ச்சும் முறையை வாய்க்கால் முழுவதுக்கும் முறை வைத்து நடைமுறைப்படுத்தியது. கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது என்ன? மேலே உள்ளவர் மிச்சம் பிடித்தால்தான் கீழே உள்ளவருக்குத் தண்ணீர். கடைமடையில் இருக்கிற நாம் மட்டும் பைப்பைப் புதைத்துக்கொண்டு உட்கார்ந்தால் அதில் தெரிவது வெறும் மண்தான். அடுத்த முறைத் தண்ணீர் இன்ன தேதிக்கு வரும் என்று நம்பிக்கை இருந்தால்தான் ஒரு விவசாயி வயலைக் காயவிடுவான். அந்த நம்பிக்கை இல்லாதவன் வந்த தண்ணீரைக் கழுத்துவரை கட்டித்தான் வைப்பான். இது பேராசை இல்லை, பயம்.

உப்பை விரட்டிய தக்கைப்பூண்டு

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையை நம் கடற்கரை மறக்காது. கடல் தண்ணீர் ஏறின வயலெல்லாம் இனி எத்தனை வருஷத்துக்கு விளையாதோ என்று எல்லோரும் கையைப் பிசைந்தார்கள். அப்போது நாகை மாவட்டத்துத் தெற்குப் பொய்கைநல்லூர் போன்ற ஊர்களில் நம்மாழ்வார் அய்யா விவசாயிகளோடு இறங்கினார். கடல் கொண்டுவந்து கொட்டிய சேற்றை வழித்து எடுத்து, வரப்பை உயர்த்தி, மழைத் தண்ணீரைத் தேக்கி, தக்கைப்பூண்டை விதைத்து மடக்கி உழுதார்கள். செத்துப்போனதாகச் சொன்ன நிலம் மறுபடி பச்சை கண்டது. 2013 டிசம்பர் 30-ல் அய்யா மறைந்துவிட்டார். அவர் காட்டிய வழி மறையவில்லை.

ஏக்கருக்கு இருபது கிலோ தக்கைப்பூண்டு விதை. நாற்பது, நாற்பத்தைந்து நாளில் பூக்கிற பருவத்தில் மடக்கி உழுதால் மண் பொலபொலப்பாகும், தழைச்சத்து சேரும், உரச் செலவு குறையும். ஆனால் இதற்கும் மறுபாதி உண்டு. உப்பு தானாகப் போகாது. நல்ல தண்ணீர் அதைக் கரைக்க வேண்டும், வடிகால் அதை வெளியே கொண்டுபோக வேண்டும். கோடையில் கடல் தண்ணீர் ஆற்று வழியே உள்ளே ஏறாமல் கடைமடை ரெகுலேட்டரின் கதவு இறுக மூட வேண்டும். கதவு அரித்துப் போய் ஓட்டையாக நின்றால் நாம் எத்தனை மூட்டை தக்கைப்பூண்டு விதைத்து என்ன பயன்?

பாட்டிலில் உப்பு, கையில் ஆதாரம்

அறுவடைக்கு வருவோம். ‘ஈரம் ஜாஸ்தி’ என்ற ஒரு வார்த்தையில் நம் மூட்டைக்கு எத்தனை ரூபாய் போயிருக்கிறது! அரசுக் கொள்முதலுக்கு ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது வழக்கமான விதி. அளக்கிற மீட்டர் வாங்குகிறவர் கையில். நம் கையில் பல்லுதான். கடித்துப் பார்த்துச் சொல்ல வேண்டியது.

ஒரு கண்ணாடி பாட்டிலை நன்றாகக் காயவையுங்கள். உப்பை வாணலியில் வறுத்து ஈரம் போக்கி அதில் ஒரு கை போடுங்கள். மூன்றில் ஒரு பங்குக்கு நெல்லைப் போட்டு மூடி, சில நிமிஷம் குலுக்கி, கால் மணி நேரம் வையுங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டிக்கொண்டால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். ஒட்டாமல் உதிர்ந்தால் அதற்குக் கீழே. உதிர்கிற நெல்லை ‘ஈரம்’ என்று ஒருவர் தள்ளினால், ‘மீட்டரை எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி வைங்க’ என்று நிமிர்ந்து கேட்கலாம்.

ஆனால் காயவைக்க இடம்? தார்ச் சாலையில் கொட்டி, போகிற வண்டிக்கெல்லாம் பயந்து காயவைக்கிறோம். 2023 பிப்ரவரி முதல் வாரத்தில் பருவம் தப்பிப் பெய்த மழை டெல்டா முழுக்க அறுவடைக்கு நின்ற சம்பாவைச் சாய்த்தது. அந்த மாதிரி நாளில் ஒரு சிமெண்ட் களமும் நாலு தார்ப்பாயும்தான் பெரிய தொழில்நுட்பம்.

மறுபாதி யாருடையது?

இப்போது கணக்குப் பாருங்கள். முட்டை ஒன்றைத் தவிர மற்ற எல்லாமே ஏதாவது ஓரிடத்தில் போய் முட்டிக்கொண்டு நிற்கிறது. வீடர் வடிகாலில் முட்டுகிறது. பைப் முறைப்பாசனத்தில் முட்டுகிறது. தக்கைப்பூண்டு ரெகுலேட்டர் கதவில் முட்டுகிறது. உப்பு பாட்டில் களத்தில் முட்டுகிறது.

காரைக்கால் நிலை தனி. நண்டலாறு, நாட்டாறு, வாஞ்சியாறு, நூலாறு, அரசலாறு, திருமலைராஜனாறு, பிராவடையனாறு என்று ஆறுகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் தண்ணீர் முழுக்கத் தமிழ்நாட்டு வாய்க்கால்களைத் தாண்டித்தான் நமக்கு வர வேண்டும். 2007 பிப்ரவரி 5-ல் காவிரி நடுவர் மன்றம் தன் இறுதித் தீர்ப்பில் புதுச்சேரிக்கு 7 டி.எம்.சி. என்று எழுதியது. அது காரைக்கால் தண்ணீர். 2018 பிப்ரவரி 16-ல் உச்ச நீதிமன்றமும் அந்த 7-ல் கை வைக்கவில்லை. காகிதத்தில் தண்ணீர் இருக்கிறது. எந்த மாதம், எந்த வாய்க்காலில், எத்தனை நாள் என்பதுதான் நம் வயலுக்குத் தெரிய வேண்டிய கணக்கு.

வடிகாலும் அதே மாதிரி. 2008 நவம்பர் 27-ல் நிஷா புயல் காரைக்காலை ஒட்டிக் கரை கடந்தபோது டெல்டாவே ஏரியாக நின்றது. மழையை யாரும் தடுக்க முடியாது. ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் அடைத்த வடிகாலைச் சித்திரை, வைகாசியிலேயே திறந்துவிட முடியும். தண்ணீர் வந்த பிறகு பொக்லைனைக் கொண்டுவந்து கரையைச் சுரண்டிவிட்டு ‘தூர் வாரியாச்சு’ என்று சொல்வதற்கு யார் கணக்குக் கேட்பது?

கேட்க வேண்டியது ஊர். புதுச்சேரியில் 1968-க்குப் பிறகு 2006-ல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அந்தப் பதவிக்காலம் 2011-ல் முடிந்த பிறகும் தேர்தல் இல்லாமலே வருஷங்கள் கழிந்தன. ஊரில் கேட்க ஆள் இல்லாதபோது வேலை ஒப்பந்தக்காரரோடு முடிந்துபோகிறது. வேறு மாதிரி செய்ய முடியாதா? முடியும். இதே யூனியன் பிரதேசத்தில், புதுச்சேரிப் பகுதியில், 1999-ல் ஐரோப்பிய ஒன்றிய உதவியோடு ஏரிகளைச் சீரமைக்கும் திட்டம் தொடங்கியபோது ஏரிக்கு ஏரி பயன்படுத்துவோர் சங்கம் அமைத்தார்கள். ஏரிக்கு முடிந்தது வாய்க்காலுக்கு ஏன் முடியாது?

நாம் கேட்பது

1. சாகுபடி தொடங்கும் முன்பே வாய்க்கால் வாரியாக முறைப்பாசன அட்டவணையைத் தமிழில் அச்சடித்து ஊரில் ஒட்ட வேண்டும். மாறினால் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

2. பாசன வாய்க்காலோடு வடிகாலையும் சேர்த்து, தண்ணீர் வரும் முன்பே தூர் வார வேண்டும். நீளம், ஆழம், தொகை எழுதிய பலகை வேலை நடக்கும் இடத்தில் இருக்க வேண்டும். ஊர் விவசாயிகள் குழு அளந்து கையெழுத்துப் போட்ட பிறகே பில் போக வேண்டும்.

3. உடைந்த ஷட்டர், மதகு, கடைமடை ரெகுலேட்டர் கதவுகளைக் கோடைக்குள் சரிசெய்ய வேண்டும்.

4. ஊருக்கு ஒரு கருவிக் கொட்டகை வேண்டும். டிரம் சீடர், பெண்கள் தள்ளக்கூடிய எடைகுறைந்த வீடர், இலை வண்ண அட்டை, ஈரப்பத மீட்டர், தார்ப்பாய் அதில் இருக்க வேண்டும். மாற்றுச் சாமானும், பழுது பார்க்கப் பயிற்சி பெற்ற இரண்டு உள்ளூர் இளைஞர்களும் அதோடு வர வேண்டும்.

5. தக்கைப்பூண்டு விதை உழவுக்கு முன் கைக்கு வர வேண்டும். நடவுக்குப் பிறகு வருகிற பசுந்தாள் விதை யாருக்கு?

6. உலர்களம் கட்டித் தர வேண்டும். கொள்முதல் செய்யும் இடத்தில் மீட்டர் அளவை விவசாயி கண் முன்னே எடுத்து, எழுதித் தர வேண்டும்.

7. நம் பக்கத்திலேயே சேருமாவிலங்கையில் வேளாண் கல்லூரி இருக்கிறது, மாதூரில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. அங்குள்ள அறிஞர்கள் செயல்விளக்கத் திடலை நல்ல மேட்டு வயலில் மட்டும் போடாமல், தண்ணீர் தேங்கும் நம் தாழ்ந்த வயலிலும் போட்டுக் காட்ட வேண்டும் என்று உரிமையோடு அழைக்கிறோம்.

நாம் செய்ய வேண்டியது

கேட்பதோடு நம் வேலை முடியாது. இந்தப் பருவமே ஒவ்வொருவரும் முட்டை வைத்து விதை தேறுங்கள். வாய்க்காலுக்கு ஒருவராவது பைப்பைப் புதைத்து, தண்ணீர் மட்டத்தைத் தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள். ‘இத்தனை நாள் வரவில்லை’ என்று வாயால் சொல்வதற்கும் நோட்டைக் காட்டுவதற்கும் வித்தியாசம் உண்டு. வயலை ஒட்டிய கண்ணி வாய்க்காலை நாமே வெட்டிக்கொள்வோம். குடிமராமத்து நம் பாட்டன் காலத்துப் பழக்கம்தான். களைக்கருவி தள்ளுகிற பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒரே கூலி என்று ஊர்க்கூட்டத்தில் முடிவெடுப்போம். கருவி வந்ததால் ஒரு தாய்மாருக்கு வேலை போனது என்ற பேச்சு நம் ஊரில் வரக் கூடாது.

ஊர்க்கூட்டத்துக்குத் தவறாமல் வாருங்கள், பெண்களையும் அழைத்து வாருங்கள். உங்கள் வயலுக்குத் தண்ணீர் வருகிற மதகு எது, வடிகிற வடிகால் எது, அதில் என்ன பழுது என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொண்டுவாருங்கள். அந்தத் தாள்களையெல்லாம் ஒன்றாகக் கட்டி மாவட்ட ஆட்சியரிடம் கொடுப்போம். பதில் வராவிட்டால் அதே கட்டோடு அந்த வாசலில் உட்காருவோம்.

எங்கள் பாதியை நாங்கள் செய்கிறோம். உங்கள் பாதியைச் செய்யுங்கள் என்பதே அரசுக்கு நம் கோரிக்கை.

வாய்க்காலைத் திற! வடிகாலைத் திற!
கடைமடைக்கும் முறைத் தண்ணீர் கொடு!
கருவியோடு பழுது பார்க்கும் கையையும் கொடு!

ஒன்று சேர்வோம்! உரிமையைப் பெறுவோம்!